வாசனை இல்லாத வெள்ளைக் கவுன்

பிரிஸ்கில்லா துணி துவைத்தால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, மூக்கு இருந்தால் போதும். பவுடரில் ஊறவைப்பாள், சோப்புக் கட்டி போட்டுத் தேய்ப்பாள், அலசி எடுத்து சொட்டு நீலம் கலந்த வாளியில் ஒரு முக்கு, அதன் பிறகு மூடி கணக்கில் ஊற்றுகிறார்களே வாசனைத் தண்ணீர், அதில் ஒரு முக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற துணியாக இருந்தால் காய்ந்த பிறகு சாம்பிராணிப் புகையும் காட்டுவாள். அவள் புருஷன் அருள்தாஸ் சட்டை மாட்டிக்கொண்டு உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினால், "இன்னா தலைவரே, பொண்ணு பாக்கவா?" என்று கண்டக்டர் கேட்பாராம். அருள்தாஸ் இதை வீட்டில் வந்து குறையாகச் சொல்வார். பிரிஸ்கில்லா அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வாள்.

உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகிற பக்கம், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற காலனி அது. ஐம்பதைத் தாண்டிவிட்ட பிரிஸ்கில்லா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேயேதான், இரண்டு தெரு வித்தியாசம். நடவு, களை, அறுப்பு என்று பாதி வயது வரைக்கும் அடுத்தவர் கழனியில் குனிந்திருந்தாள். பிறகு டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலைக்குப் போனாள். அங்கேயும் குனிந்த வேலைதான் என்றாலும் நிழலில் குனியலாம். ரத்தம் பட்ட துணிக்குச் சுடுதண்ணீர் காட்டக் கூடாது, பச்சைத் தண்ணீர்தான், எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுடுதண்ணீர்தான் என்பதெல்லாம் அங்கே பழகியது. ஆனால் அவளை ஊரில் "கவுனு பிரிஸ்கில்லா" என்று சொல்ல வைத்தது ஆஸ்பத்திரி இல்லை. அது அதற்கும் முன்னாலேயே, அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தொடங்கிய கதை.

அவள் புதுநன்மை வாங்க வேண்டிய வருஷம் மழை பொய்த்துவிட்டது. கழனி வேலை இல்லை. மாதா கோயிலில் முதல் முதலாக நற்கருணை வாங்கப் போகிற பெண்பிள்ளை வெள்ளை உடுத்த வேண்டும். வீட்டில் வெள்ளை என்று சொல்ல அரிசி மூட்டைச் சாக்கு கூட இல்லை. மறைக்கல்வி சொல்லிக்கொடுக்க வந்த வயதான சிஸ்டர் ஒருவர், பீடத்துக்கு விரிக்க வாங்கியதில் மிஞ்சிய பருத்தித் துணியை எடுத்துத் தானே ஒரு கவுன் தைத்தார். குட்டையோ நெட்டையோ எந்தப் பிள்ளைக்கும் பொருந்தட்டும் என்று இடுப்பில் நாடா, கீழே பிரித்துவிட மடிப்புகள். பிரிஸ்கில்லா அதைப் போட்டுக்கொண்டு பூசை கண்டாள். சாயங்காலமே கிணற்றடியில் துவைத்து, காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு போய் சிஸ்டரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "நீயே வச்சிரு. அடுத்த வருஷம் யாருக்காவது வேணும்" என்றார்.

பேச்சுவாக்கில் சொன்னதுதான். அடுத்த மாதமே அந்த சிஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார், சொன்னதை அவர் மறந்தும் இருப்பார். பிரிஸ்கில்லா மறக்கவில்லை. வருஷா வருஷம் மே மாதம் வந்தால் யார் வீட்டிலாவது ஒரு பெண்பிள்ளை இருக்கும், வெள்ளை இருக்காது. கவுன் போகும், கறையோடு திரும்பி வரும். அவள் துவைப்பாள். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கு வந்தபோது அவள் கொண்டுவந்த சீதனத்தில் அந்தக் கவுனும் ஒன்று.

எத்தனை கறை பார்த்த கவுன் அது! சேமியா ஐஸின் சிவப்பு, மெழுகுத்திரியின் மெழுகு, வாழைப்பூ வடையின் எண்ணெய். ஒருமுறை பிரியாணிக் குழம்பு கொட்டிய இடத்தில் பெண்ணின் அம்மா அவசரப்பட்டு சோப்பைப் போட்டுத் தேய்க்க, மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. "மாதாவே, ரத்தம் வருதே" என்று அந்தப் பொம்பளை நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும், வெயிலில் போட்டால் தானே வெளுக்கும் என்பது பிரிஸ்கில்லாவுக்குத் தெரியும். மத்தியானம் வரைக்கும் அவளை அழவிட்டுவிட்டு அப்புறம்தான் சொன்னாள் என்று இன்றைக்கும் ஒரு புகார் உண்டு. இன்னொரு வருஷம் ஒரு பெண் பூசை முடிந்த கையோடு, கவுனிலேயே பெரியவளாகிவிட்டாள். அந்தக் கறையை யாருக்கும் காட்டாமல் அலசிக் கொடுத்த பிரிஸ்கில்லாவை அவள் இப்போதும் செங்கல்பட்டிலிருந்து வந்தால் பார்க்காமல் போக மாட்டாள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து அவளுடைய சொந்த மகள் ஷீபாவின் வருஷம் நடந்ததுதான். மற்ற பிள்ளைகளுக்குப் போட்டதை விடத் தன் பிள்ளைக்கு வெள்ளை பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில், நீலப் புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாள். கவுன் வானத்து நிறத்தில் வெளியே வந்தது. திரும்பத் துவைத்தும் போகவில்லை. ஷீபா ஒரே அழுகை. வேறு வழியில்லாமல் அதையே போட்டுக் கூட்டிப்போனாள். வாசலில் நின்ற பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, "அடடே, மாதா தன் சேலைய உனக்குக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். நீலம் மாதாவின் நிறமாயிற்றே! பிரிஸ்கில்லா ஏதோ நேர்த்திக்கடனுக்காக வேண்டுமென்றே செய்ததாகக் காலனி முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு பொம்பளைகள் தங்கள் பிள்ளைக்கும் அடுத்த வருஷம் அதே மாதிரி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். வெள்ளைகளுக்கு நடுவே ஷீபா மட்டும் நீலமாக நிற்கிற போட்டோ இன்றைக்கும் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஷீபா ஓசூரில் குடும்பம் நடத்துகிறாள். போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்பு வரும், அடுத்த நிமிஷமே ஓசூருக்குப் போன் போடுவாள்.

பிறகு காலம் மாறியது. காலனியிலிருந்து கம்பெனி வேன் ஏறிப் போய் சம்பாதிக்கிறவர்கள் வந்தார்கள். காஞ்சிபுரத்தில் கல் வைத்த கவுன், வலைத்துணிக் கவுன், தலைக்குக் கிரீடம் எல்லாம் கிடைத்தது, வாடகைக்கும் கிடைத்தது. நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் ஒரு மே மாதம் யாரும் கவுன் கேட்டு வரவில்லை. அடுத்த மே மாதமும் வரவில்லை. பிரிஸ்கில்லா அதை ட்ரங்குப் பெட்டியின் அடியில் அந்துருண்டை போட்டு வைத்தாள். ஈஸ்டர் வந்தால் பெட்டியைத் திறப்பாள், ஒரு தரம் பார்ப்பாள், மூடிவிடுவாள். "பொணத்துக்குப் பக்கத்துல குந்திக்கினு கீற மாதிரி இன்னாத்துக்கு குந்திக்கினு கீற?" என்று அருள்தாஸ் கேட்டதற்கு அன்றைக்கு அவருக்குச் சோறு ஆறிப்போய்தான் கிடைத்தது.

இந்த வருஷம் ஏப்ரலில், பக்கத்துத் தெரு செவ்வந்தி தன் மகள் அம்முலுவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அம்முலுவுக்குப் பிறந்ததிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பு, கழுத்து, முழங்கால் பின்பக்கம் எல்லாம் தோல் தடித்துச் சொரசொரவென்று இருக்கும். ராத்திரி பகல் என்று இல்லாமல் அரிக்கும். போன வருஷமே புதுநன்மைக்கு நின்ற பிள்ளை அவள். பூசை முழுக்கக் கை கூப்பி நிற்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். வலைத்துணிக் கவுன் உடம்பில் பட்டதுதான் தாமதம், கை கூப்பவே முடியவில்லை. சொறிந்தாள், சொறிந்தாள், கவுனின் வெள்ளைக் கையில் ரத்தப் புள்ளி விழுந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை, "சிஸ்டர், இவ மேல ரத்தம்" என்று கத்திவிட்டது. அம்முலு சபை நடுவிலிருந்து ஓடியவள்தான், அப்புறம் கோயில் பக்கம் போகவே இல்லை.

"எனக்கு வாணாம்னு ஒரே வார்த்தையில நிக்கிதுக்கா" என்றாள் செவ்வந்தி. "செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில காட்டுனோம். பருத்தி போடு, வாசனை போட்ட சோப்பு எதுவும் ஆவாது, ரெண்டு தபா கூட அலசுன்னாரு டாக்டரு. அதான், உங்கிட்ட அந்தப் பயைய கவுனு கீதா?"

பிரிஸ்கில்லாவுக்கு உள்ளே குப்பென்று ஒரு சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளாமல், "கீது, கீது. எங்க போவப் போவுது?" என்றபடி பெட்டியைத் திறந்தாள்.

திறந்ததும் மூன்று பேரும் தும்மினார்கள். அந்துருண்டை நெடி அறையை நிறைத்தது. துணி பழுப்பேறிக் கிடந்தது. பெட்டியின் தகரம் பட்ட இடத்தில், பாவாடைப் பக்கம், உள்ளங்கை அகலத்துக்குத் துருக்கறை. அம்முலு ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"பெரிம்மா, இது அரிக்குமா?"

"நான் தொவச்சா அரிக்காது" என்று பிரிஸ்கில்லா சொல்லிவிட்டாள். வாய் முந்திக்கொண்டது.

துருவுக்கு அவளிடம் வழி இருந்தது. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டு, காயக் காயப் பிழிந்துவிட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு மூன்று நாளில் கறை தேநீர் நிறத்துக்கு வந்து, அப்புறம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு மங்கியது. அந்துருண்டை நெடிக்குக் காற்றும் வெயிலும்தான் மருந்து, வேப்பமரத்துக் கொடியில் நாள் கணக்கில் ஆடவிட்டாள். பழுப்புக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற ப்ளீச்சிங் பவுடர் வேலை செய்யும். ஆனால் அதன் காரம் துணியையும் அரிக்கும், அந்தப் பிள்ளையின் தோலையும் விடாது என்று பயந்தாள்.

இதற்கெல்லாம் மேலே, எதைப் போட்டுத் துவைப்பது? உத்திரமேரூர் பஜாரில் சேட்டு என்பவர் கடையில்தான் அவள் எப்போதும் சோப்பு வாங்குவது.

"வாசனை இல்லாத பவுடரு குடு" என்றாள்.

சேட்டு காது சரியாகக் கேட்கவில்லையோ என்று குனிந்தார். "இன்னாது?"

"வாசனை இல்லாததுப்பா."

"யக்கா, மல்லிப்பூ கீது, ரோஜா கீது, எலுமிச்ச கீது, சந்தனம் கீது. வாசனையே இல்லாதத கம்பெனிக்காரன் இன்னாத்துக்கு செய்யறான்? நீயா கேக்கற இத்த? உன்ன நம்பி ரெண்டு பெட்டி ரோஜா எறக்கி வச்சிகிறேன்!"

இருவரும் பாக்கெட்டுகளை எடுத்து எடுத்து மோந்தார்கள். நாலைந்து மோந்ததும் எல்லாம் ஒரே மாதிரி மணத்தது, மிளகாய்த்தூள் பாக்கெட் கூட ரோஜாவாக மணத்தது என்று சேட்டு சத்தியம் செய்தார். கடைசியில் மேல் தட்டில் தூசி படிந்த ஒரு புட்டியைத் தேடி எடுத்தார். கைக்குழந்தைத் துணிக்கான திரவ சோப்பு, வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. வாங்குவார் இல்லாமல் கிடந்தது. பழுப்புக்கு என்று ஆக்சிஜன் கறைநீக்கித் தூள் ஒன்றும் கொடுத்தார். வெந்நீரில் கரைத்து ஊறவைத்து நன்றாக அலசிவிட்டால் உடம்பில் தங்காது என்று பாக்கெட்டில் எழுதியிருந்ததை அவரே வாசித்துக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து பிரிஸ்கில்லா கவுனின் இடுப்பு நாடாவில் ஒரு துண்டு வெட்டினாள். அதை அந்தத் திரவத்தில் துவைத்து, காயவைத்து, அம்முலுவின் முழங்கை மடிப்பில் கட்டிவிட்டாள். "ராத்திரி கட்டிக்கினே தூங்கு. காலைல வந்து காட்டு."

காலையில் கை சிவந்திருந்தது.

"பாத்தியா, அரிக்குது" என்றாள் அம்முலு. அழவில்லை. அழுதிருந்தால் கூடப் பரவாயில்லை போலிருந்தது பிரிஸ்கில்லாவுக்கு. முன்பே தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பிள்ளை நாடாவை அவிழ்த்து அவள் மடியில் வைத்தது.

அருள்தாஸ் அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "பிரிஸ்கி, இது இன்னா லேசா நீலமா கீது?"

பிரிஸ்கில்லா அதைப் பிடுங்கப் பார்த்தாள்.

"நீலம் போட்டியா?"

"ஒரே ஒரு சொட்டு. வெள்ளைக்கு அது கூட போடலன்னா எப்படிய்யா?"

ஊருக்கெல்லாம் கறை எடுக்கிறவளுக்குத் தன் கையின் பழக்கத்தை எடுக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் தன்னையே திட்டிக்கொண்டது அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டது. நீலப் புட்டியைத் தூக்கி அருள்தாஸிடம் கொடுத்து, "எங்கியாவது ஒளிச்சி வை. நான் கேட்டாலும் குடுக்காத" என்றாள்.

இரண்டாவது துண்டில் நீலம் இல்லை. அதற்கும் லேசாகச் சிவந்தது. பிரிஸ்கில்லா துண்டை விரலால் நெருடிப் பார்த்தாள். பிறகுதான் வாளியைப் பார்த்தாள். காலனியின் போர் தண்ணீர் உப்பு. எத்தனை அலசினாலும் சோப்பு முழுக்க இறங்காமல் துணியில் மொடமொடவென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த மொடமொடப்பைத்தான் இத்தனை வருஷமாக அவள் சுத்தம் என்று நினைத்திருந்தாள். அருள்தாஸ் வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு திருமுக்கூடல் பக்கம் பாலாற்றுக்குப் போனார். மே மாதத்து ஆற்றில் தண்ணீர் ஓடாது. மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும், இளநீர் மாதிரி லேசான தண்ணீர். சோப்பைப் பாதியாகக் குறைத்து, அந்தத் தண்ணீரில் அலசின மூன்றாவது துண்டைக் கட்டிக்கொண்டு அம்முலு தூங்கினாள். விடிந்ததும் ஓடிவந்தாள்.

"பெரிம்மா, மறந்துட்டேன்."

"இன்னாத்த மறந்த?"

"கையில கட்டிக்கினு கீறதையே மறந்துட்டேன்."

பிரிஸ்கில்லா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வேலைக்கு அவள் பாடிக்கொண்டே போனாள்.

பழுப்புப் போக சேட்டு கொடுத்த தூளில் ஊறவைத்த கவுனை ஆற்று மணலுக்கே எடுத்துப் போய் துவைத்தார்கள். வெள்ளி சாயங்காலம் அதைச் செவ்வந்தி கையில் ஒப்படைத்தாள். பளிச்சென்ற வெள்ளை இல்லை, பால் வெள்ளை. பெட்டியைத் திறந்தால் தும்ம வைத்த துணி இப்போது மெத்தென்று குழந்தையின் கன்னம் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை.

சனிக்கிழமை காலை நாஷ்டா நேரத்தில் செவ்வந்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே பிரிஸ்கில்லாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் கையிலிருந்த ஈரக் கவுன் தெருமுனையிலேயே ரோஜாவாக மணந்தது.

"எல்லாம் எங்க வூட்டு ஆளு வேலக்கா" என்றாள் செவ்வந்தி. "காலைல நான் தண்ணி புடிக்கப் போயிருந்தேன். கவுன எடுத்து வாசனைத் தண்ணியில முக்கி வச்சிக்கிறாரு. மூடி கணக்கு கூட இல்ல, அரைப் புட்டி."

செவ்வந்தியின் புருஷன் ஏசுதாஸ் பின்னாலேயே வந்து நின்றான். கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவன். பிரிஸ்கில்லா அவனைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற மாதிரி ஆரம்பித்தாள். "டேய், உனக்கு மூள கீதா? இத்தினி நாளு நாயா பேயா அலஞ்சி பண்ணதுடா இது. உன் பொண்ணு நாளைக்கி மறுபடியும் ஓடணுமா? ஒரு வார்த்த கேக்கக் கூடாது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மோந்து பாத்தேன்கா. ஒண்ணுமே வரல. பஸ்ஸுல எம்பக்கத்துல யாரும் குந்த மாட்டாங்க. சீட்டு காலியா கெடந்தாலும் நின்னுக்கினே வருவாங்க. எங்க வூட்டுல தொங்குன துணி, அதுல பண்ணை கோயி நாத்தம் ஏறியிருந்தா? எம்பொண்ணு பக்கத்துல நாலு பொண்ணுங்க நிக்கணுமேக்கா."

"அதுக்கு அரைப் புட்டியா?"

"எனக்கு மூக்கு செத்துப் போச்சுக்கா. பண்ணை காத்துல எப்பவோ போயிடிச்சி. ஒரு மூடி ஊத்தி மோந்தேன், வரல. இன்னொண்ணு ஊத்துனேன், அப்பவும் வரல."

பிரிஸ்கில்லாவின் வாயில் தயாராக இருந்த திட்டெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைத் துணிக்கு அவள் காட்டிய சாம்பிராணி எல்லாம் எதற்காக? கழனிச் சேறும் ஆஸ்பத்திரி நெடியும் தன் வீட்டு ஆட்கள் மேல் இருப்பதாக யாரும் மூக்கைச் சுளித்துவிடக் கூடாது என்றுதானே? இவன் செய்ததும் அதுதான். அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"வண்டிய எடு" என்றாள் அருள்தாஸிடம். "ஏசு, நீயும் வாடா. பொண்ணையும் கூட்டிக்கினு வா."

உச்சி வெயிலில் பாலாற்று மணல் கால் வைக்க முடியாமல் கொதித்தது. ஏசுதாஸ் முழங்கால் போட்டு ஊற்றைத் தோண்டினான். வாசனைத் தண்ணீர் என்பது லேசில் விடுகிற ஆள் இல்லை. துணியின் நூல் நூலாகப் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடும், அதற்காகத்தானே அதைச் செய்கிறார்கள். வாசனையில்லாத சோப்பில் ஒருமுறை துவைத்தாள். ரோஜா போகவில்லை. சேட்டு கடையில் வாங்கிய வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊறவைத்து அலசினாள். ரோஜாவும் ஊறுகாயும் சேர்ந்து அடித்தது. பிரிஸ்கில்லா கவுனின் ஒரு முனையை ஏசுதாஸ் கையில் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்து முறுக்கினாள். பிழிவதும் புது ஊற்றில் அலசுவதுமாகப் பொழுது போயிற்று. எத்தனையோ வருஷமாக வாசனை ஏற்றுவதற்குப் பாடுபட்ட கை, இன்றைக்கு வாசனையை இறக்குவதற்குத் தோல் உரியப் பாடுபட்டது.

"போயிடிச்சாக்கா?" என்று ஒவ்வொரு பிழிதலுக்கும் கேட்டான் ஏசுதாஸ்.

இத்தனை நேரம் மோந்து மோந்து பிரிஸ்கில்லாவுக்கும் எதுவும் புரியவில்லை. அருள்தாஸோ முப்பது வருஷமாக அவள் துவைத்த சட்டையில் ஊறியவர், அவர் மூக்கை நம்ப முடியாது. "அம்முலு, இங்க வா. நீ மோந்து பாரு."

அம்முலு ஈரத்துணியில் முகத்தைப் புதைத்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி வாசனதான் வருது பெரிம்மா."

"நல்லா மோந்து பாரு. ரோஜா?"

"இல்ல. தண்ணிதான். மணலு."

ஆற்றோரத்துப் புதர் மேல் விரித்துப் போட்டார்கள். மே மாதத்து வெயிலுக்கு அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டும், பேச்சு முடிவதற்குள் காய்ந்துவிட்டது. அன்றிரவு கவுன் பிரிஸ்கில்லாவின் வீட்டிலேயே தூங்கியது. ஏசுதாஸை நம்பாமல் இல்லை. அவளுக்குத் தன் பக்கத்தில் இருந்தால்தான் தூக்கம் வரும் போலிருந்தது.

ஞாயிறு காலை கோயில் நிறைந்துவிட்டது. புதுநன்மைப் பிள்ளைகள் முன்வரிசையில் நின்றார்கள். கல் வைத்தது, ஜரிகை வைத்தது, மூன்று அடுக்கு வலை வைத்தது. நடுவில் அம்முலு, நாடா வைத்த பழைய பருத்திக் கவுனில், உயரத்தால் மட்டும் தனித்துத் தெரிந்தாள். மேடை வெளிச்சத்தில் மற்ற கவுன்களெல்லாம் மின்ன, இது மின்னவில்லை. ஏசுதாஸ் எப்போதும் போல் கடைசியில், வாசல் ஓரமாக, காற்று வெளியே போகிற பக்கத்தில் தள்ளி நின்றுகொண்டான்.

பிரிஸ்கில்லா அன்றைக்குப் பூசையே காணவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாமியார் என்ன வாசித்தார், என்ன பிரசங்கம் செய்தார், எதுவும் காதில் ஏறவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு கைகளை. கூப்பிய கைகள். பிரசங்கம் நீண்டது. மின்விசிறி எட்டாத இடம், பிள்ளையின் கழுத்தில் வியர்வை இறங்கியது. கவுன் நனைந்தால் என்ன ஆகுமோ? ஒரு தரம் அம்முலுவின் முழங்கை அசைந்தது. பிரிஸ்கில்லா செவ்வந்தியின் கையை இறுகப் பிடித்தாள். பக்கத்துப் பிள்ளையின் வலைத்துணி வந்து உரசியிருக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் நகர்ந்து நின்றாள், அவ்வளவுதான். கைகள் பிரியவில்லை. அப்படியே போய் நின்று, நாக்கை நீட்டி நற்கருணை வாங்கி, அப்படியே திரும்பி வந்தாள். அப்போதுதான் பிரிஸ்கில்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பிள்ளைகள் போட்டோவுக்கு அம்முலுவைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றன. ஒருத்தி அவள் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். ஏசுதாஸ் தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டான். பிறகு ஐஸ் வண்டிக்காரனிடம் போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் சிவப்பு ஐஸ் வாங்கி வந்தான்.

மற்ற பிள்ளைகள் கையை நீட்டின. அம்முலு நீட்டவில்லை. கை இன்னும் கூப்பியபடியே இருந்தது.

"கைய வுடுடி, பூச முடிஞ்சிடிச்சி" என்றாள் பிரிஸ்கில்லா.

"இருக்கட்டும் பெரிம்மா. கொஞ்ச நேரம் இப்பிடியே வச்சிக்கிறேன்." அம்முலு தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அரிக்கவே இல்ல."

பிரிஸ்கில்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏசுதாஸ் ஐஸை மகளின் வாய்க்கு நேரே பிடித்தான். அம்முலு கூப்பிய கையோடு குனிந்து ஒரு கடி கடித்தாள். சிவப்புச் சொட்டு ஒன்று மோவாயில் வழிந்து கவுனின் நெஞ்சுப் பக்கத்தில் விழுந்து பரவியது.

ஏசுதாஸின் கை அப்படியே நின்றுவிட்டது. செவ்வந்தி பதறிப்போய்த் துடைக்க முந்தானையை எடுத்தாள். மூன்று பேரும் பிரிஸ்கில்லாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"தொடைக்காத வுடு" என்றாள் பிரிஸ்கில்லா. "நல்லா சாப்புடு கண்ணு. நான் பாத்துக்கிறேன். அடுத்த வருசம் யாருக்காவது வேணும்."